அன்று இவரும் பாலே பார்க்க வந்தார்

டூட்டிங், லண்டன்
21 நவம்பர் 1992
சனிக்கிழமை காலை

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கை சந்திரவதனா எழுதுகிறேன். இங்கே நானும் இவரும் சுகமாக இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நீங்களும் அம்மாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விம்பிள்டன் பிள்ளையாரை ஒவ்வொரு வெள்ளியும் மன்றாடுகிறேன். நான் முந்தி அனுப்பிய கடிதம் உங்கள் கைக்கு வந்ததோ தெரியாது. உங்கள் கடைசிக் கடிதம் ஆவணியில் எழுதியது. மண்ணெண்ணெய் விளக்கில் எழுதுவதால் எழுத்துக் கோணலாக இருக்கும், சிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் எழுத்து கரண்ட் இருந்த காலத்திலும் கோணல்தான் அண்ணை.

சரி, முதலில் பெரிய செய்தி. நேற்று உங்கள் மச்சான் பாலே ஆட்டம் பார்க்க வந்தார். ஓம், இவர்தான். நம்பமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் கலியாணம் செய்து லண்டனுக்கு வந்த புதிதில் இவருக்கு ரயில்வேயில் இரவு ஷிப்ட். நான் ஒற்றை அறையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து அழுதுகொண்டிருப்பேன். நீங்கள் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் வந்து, கோட்டைப் போடு, வெளிக்கிடு என்று இழுத்துக்கொண்டு போனீர்கள். கொவன்ட் கார்டன் என்றதும் ஏதோ பூந்தோட்டம் என்று நினைத்து வந்தேன். அந்தத் தியேட்டரின் பெரிய வாசலால் போகாமல் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன வாசலால் ஏறினோம், ஏறினோம், மூச்சு முட்ட ஏறினோம். கடைசியில் கூரைக்குக் கீழே உட்கார ஒரு மர வாங்கு. மேடை உள்ளங்கை அளவு தெரிந்தது. இவர்கள் ஏன் ஒன்றும் கதைக்கிறார்கள் இல்லை என்று உங்களைக் கேட்டேன். "கொஞ்சம் பொறு பிள்ளை, பிறகு நீயே கேக்கமாட்டாய்" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை.

அன்று பிடித்த பைத்தியம். ஒவ்வொரு சீசனும் தொடங்கும்போது எனக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும் பிள்ளைபோல் இருக்கிறது. அம்மா விழுந்து இடுப்பை முறித்து, நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போன பிறகும், நான் ஒரு சீசனும் விடவில்லை. பார்த்ததை எல்லாம் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதும், "அந்தப் பெட்டையளுக்குக் கால் நோகாதோ" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பதும் எனக்குப் போதும்.

இவரோ ஒரு நாளும் வந்ததில்லை. எத்தனை முறை கேட்டிருப்பேன்! "கால் விரலிலை நிக்கிறதைப் பாக்க நான் ஏன் அவ்வளவு படி ஏறவேணும்? நான் ஸ்டேசனிலை முழு நாளும் காலிலைதானே நிக்கிறன், என்னைப் பாரும்" என்பார். நானும் விட்டுவிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை; அவருக்குக் கிரிக்கெட், எனக்கு இது என்று ஆகிவிட்டது.

இந்த முறை என்ன நடந்தது என்றால், மிஸ் பார்லோவுக்குச் சளி. டிக்கெட்டுக்கான காலைக் கியூவில் பிளாஸ்க்கும் மடக்குக் கதிரையுமாக நிற்பாரே, நீங்களும் கதைத்திருக்கிறீர்கள், அந்தக் கிழவிதான். தன் டிக்கெட்டை என்னிடம் தந்து, யாரையாவது கூட்டிப்போ என்றார். நான் வழக்கம்போல் இவரைக் கேட்டேன், வழக்கம்போல் இவர் சிரித்தார். ஆனால் நேற்று நான் வேலையால் வர, இவர் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சேட்டோடு நிற்கிறார். இந்தக் குளிரில் யாராவது பின்னேரம் தலை முழுகுவார்களா? "நானும் வாறன்" என்றார். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் விளக்குக் கொளுத்திவிட்டுப் போவோம் என்று சுவாமி அறைக்குப் போக, "இண்டைக்கு விளக்கு வேண்டாம், ட்ரெயின் பிந்திப்போம்" என்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஒரு நாளும் பாலே பார்க்காத மனுசனுக்கு இவ்வளவு அவசரமா என்று எனக்குச் சிரிப்பு. அந்த மயில்கழுத்து நிறப் பட்டை உடுத்திக்கொண்டு போனேன். வழி முழுக்க நானே கதைத்தேன். எங்கே கை தட்டலாம், எங்கே தட்டக்கூடாது, இடைவேளையில் எந்தப் பக்கம் ஐஸ்கிரீம் வாங்கலாம் என்று எல்லாம் சொன்னேன். இவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

மூன்று ஆட்டங்கள் அண்ணை. முதல் இரண்டையும் பிறகு எழுதுகிறேன். கடைசியாக ஆடியது புதிது. ஒரு மீன்பிடிக் கிராமம். கடலுக்குப் போன மாப்பிள்ளை திரும்பி வரவில்லை. பெண் கரையில் காத்திருக்கிறாள். இரவில் அவன் வருகிறான். வருவது அவன் அல்ல, அவனுடைய நிழல். அவளுக்கு அது தெரியாது. அவள் துள்ளுகிற துள்ளலை நீங்கள் பார்க்க வேண்டும்! அவன் தூக்கும்போது பாரமே இல்லாமல் மேலே போகிறாள், இறங்கும்போது கால் தரையில் படுகிற சத்தம் கூரை வரைக்கும் கேட்கிறது. இதைத்தான் டிவியில் பார்க்க ஏலாது என்று நீங்கள் சொல்வீர்கள். பெண்ணுக்கு வெள்ளை உடுப்பு இல்லை, சாதாரணப் பழுப்புப் பாவாடை. முடியைப் பின்னாமல் விட்டிருந்தாள். எல்லாவற்றையும் உங்களுக்குச் சொல்வதற்காக மனதில் எழுதிக்கொண்டே பார்த்தேன்.

திரும்பிப் பார்க்கிறேன், இவர் அழுகிறார் அண்ணை! சும்மா கண் கலங்கவில்லை, தோள் குலுங்க அழுகிறார். என் கையைப் பிடித்த பிடி விடவில்லை. எனக்கு ஆட்டத்தைப் பார்ப்பதா இவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் சிரித்த மனுசனைப் பாலே வென்றுவிட்டது என்று அவ்வளவு சந்தோசம். வரும் வழியில், அண்ணைக்கு எழுதப்போகிறேன், உங்கள் மானம் போகப் போகிறது என்று பகிடி பண்ணினேன். இவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கம்.

கலியாணம் செய்து இவ்வளவு காலத்தில் நேற்றுப்போல் ஒரு நாள் இருந்ததில்லை. அடுத்த சீசனுக்கு இரண்டு டிக்கெட்டாக

இவர் கீழே கூப்பிடுகிறார். தேத்தண்ணி போட்டுவிட்டாராம், உடனே வரட்டாம். மிச்சத்தைக் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.


டூட்டிங், லண்டன்
13 டிசம்பர் 1992

மலருக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். என் கோபம் வேறு, இது வேறு. அதனால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இதோடு ஒரு அரைக் கடிதம் வைத்திருக்கிறேன். அண்ணைக்கு எழுதியது. அதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? கிழிக்க இரண்டு முறை எடுத்தேன், கை வரவில்லை. நீயே வாசி. வாசித்து முடித்துவிட்டு இந்தக் கடிதத்துக்கு வா.

வாசித்துவிட்டாயா? அந்தத் தேத்தண்ணிக்குத்தான் கீழே போனேன். குசினியில் இவர் இரண்டு கோப்பையை வைத்துக்கொண்டு இருந்தார். "சந்திரா, உம்மட அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன் மலர், கொழும்புக்கு வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். நெருப்புக்காய்ச்சல், மருந்து கிடைக்கவில்லை, எரித்தும் பத்துப் பன்னிரண்டு நாளாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "நேற்று மத்தியானம்" என்றார்.

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. ஊரில் அண்ணையோடு பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யேசுரட்ணம் மாஸ்டர் எப்படியோ கொழும்புக்கு வந்து, தன்னிடம் இருந்த உன் நம்பருக்குப் போன் எடுத்திருக்கிறார். நீ உன் நாட்டிலிருந்து இங்கே எடுத்திருக்கிறாய். நான் வேலையில், இவர் வீட்டில். நான் வரும் வரைக்கும் பொறுத்திருக்கலாம். வேலையிடத்துக்கு எடுத்திருக்கலாம், அந்த நம்பரும் உன்னிடம் உண்டு. நீ அத்தானோடு அழுதுவிட்டு, "அக்காவுக்கு இண்டைக்குச் சொல்லாதேங்கோ அத்தான். அவ இந்தப் பாலேக்கு எவ்வளவு ஆசையா இருந்தவ. எல்லாம் முடிஞ்சுபோச்சு, ஒரு ராத்திரி பிந்தினால் என்ன" என்று சொன்னாயாம். இவருக்கும் அது சரியாகப் பட்டிருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து என் வாழ்க்கையில் ஒரு இரவை எடுத்து, எனக்குப் பரிசு தருவதுபோல் திரும்பத் தந்திருக்கிறீர்கள்.

உனக்குத் தெரியுமா, நான் அன்று இடைவேளையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். எழும்பி நின்று கை தட்டினேன். திரை மூடிய பிறகும் தட்டினேன். அண்ணை சாம்பலாகிப் போயிருக்க, அவருக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணின் பாவாடை நிறத்தைக்கூட மனதில் வைத்துக்கொண்டு இருந்தேன். நான் பாலே பார்ப்பதே அப்படித்தான் மலர். என் கண்ணால் பார்ப்பேன், அண்ணைக்குச் சொல்லச் சொல்லத்தான் அது எனக்கு விளங்கும். அந்த மனுசன் உலகத்தில் இல்லை என்று பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அந்த விளக்குத்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. செத்த வீட்டுத் துடக்கோடு சுவாமிக்கு விளக்குக் கொளுத்தக்கூடாது என்று இவர் கவனமாக என் கையைப் பிடித்திருக்கிறார். செய்தி கேட்டதும் தான் முழுகியும் இருக்கிறார். பிள்ளையாருக்குக் குற்றம் வரக்கூடாது. பட்டுச் சீலையோடு நான் சிரித்துக்கொண்டு ட்ரெயின் ஏறினால் பரவாயில்லை! இதைக் கேட்டபோது இவர், "அந்த நேரம் எனக்கு என்ன செய்யிறதெண்டு விளங்கேல்லை, ரெண்டிலை ஒண்டையாவது சரியாச் செய்வம் எண்டு நினைச்சன்" என்றார்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். செத்த வீட்டுச் செய்தி யாருக்காகப் பொறுத்திருக்கும்? யேசுரட்ணம் மாஸ்டர் இங்கே ஈஸ்ட் ஹாமில் இருக்கும் தன் சொந்தக்காரருக்கும் சொல்லியிருக்கிறார். அவர்கள் இங்கே எங்களுக்குப் பழக்கமான பாமா அக்காவுக்குச் சொல்ல, பாமா அக்காவும் புருசனும் வெள்ளிக்கிழமை பின்னேரமே துக்கம் விசாரிக்க எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கதவு பூட்டு. வீடு இருட்டு. ஒரு செத்த வீடு பூட்டியிருப்பதை அவர்கள் வாழ்நாளில் கண்டிருக்கமாட்டார்கள். அந்தக் குளிரில் வாசலில் நின்று, எங்களுக்கு என்ன நடந்ததோ என்று பயந்து, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனைக் கேட்டிருக்கிறார்கள். அவன், ஓ, அவர்கள் இருவரும் நன்றாக உடுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போயிருக்கிறார்கள் என்று சந்தோசமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

இப்போது அப்பர் டூட்டிங் ரோட்டில் நான் மரக்கறி வாங்கப் போனால் கடைக்குள் கதை நிற்கிறது. அண்ணன் செத்ததும் டான்ஸ் பார்க்கப் போனவள். பாமா அக்கா நல்ல மனுசி, நேரே கேட்டார். "உமக்குத் தெரியாதெண்டு நான் சொல்லிப் பாத்தனான், ஆர் நம்பினம்" என்றார். எப்படி நம்புவார்கள்? புருசனுக்குத் தெரியுமாம், பெண்சாதிக்குத் தெரியாதாம், இருவரும் ஒன்றாகப் போனார்களாம். நான் கேட்டாலும் நம்பமாட்டேன். சனம் கதைப்பதைப்பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் அவர்கள் வந்த நேரம் நான் வீட்டில் இருந்து அழுதிருக்க வேண்டியவள். அதற்கென்று ஒரு நேரம் இருந்தது, அது போய்விட்டது. சனிக்கிழமைக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அழவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று விம்பிள்டனில் ஐயரைக் கொண்டு இவர்தான் எல்லாம் ஒழுங்கு பண்ணினார். சமைத்துப் படைத்தோம். அண்ணைக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தேன், உப்புக் கூடிப் போனது. அம்மாவை இப்போது யேசுரட்ணம் மாஸ்டரின் பெண்சாதி பார்க்கிறா. அம்மா ஒன்றும் கதைப்பதில்லையாம், சாப்பாடு மட்டும் கொஞ்சம் எடுக்கிறாவாம். நீ அங்கேயும் நான் இங்கேயும் வீடும் வாசலுமாக இருக்க, அண்ணை ஒருவர்தான் போய் அம்மாவோடு இருந்தார். இரண்டு வருடத்தில் திரும்பி வருவேன், அந்த மர வாங்கில் என் இடத்தை ஒருவருக்கும் கொடுக்காதே என்றுதான் ஹீத்ரோவில் சொல்லிவிட்டுப் போனார்.

வேலைக்குப் போகிறேன், வருகிறேன். றேடியோவில் அந்த வகைச் சங்கீதம் வந்தால் நிற்பாட்டிவிடுகிறேன். இவரோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறேன். கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். நீயும் கெட்டவள் இல்லை. ஆனால் எனக்கு எது தாங்கும் எது தாங்காது என்று நீங்கள் இருவரும் எப்படித் தீர்மானிக்கலாம்? ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் எடுக்கும்போது நான் வேண்டுமென்றுதான் வரவில்லை. நான் குளிக்கிறேன் என்று இவர் சொல்வது பொய். இனி எடுக்க வேண்டாம். உன் குரலைக் கேட்டால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன், பிறகு அதை எடுக்க ஏலாது.

பிள்ளையைக் குளிரில் வெளியே விடாதே. அங்கே எங்களைவிடக் கடும் குளிர் என்று கேள்விப்படுகிறேன்.

அக்கா
சந்திரவதனா


டூட்டிங், லண்டன்
16 மே 1993

அன்புள்ள மலருக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நீ போட்ட கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. உடைத்தேன், வாசித்தேன். பிள்ளையின் படத்தைச் சுவாமி அறையில் வைத்திருக்கிறேன். மூக்கு அப்படியே அண்ணையின் மூக்கு. இவருக்கும் அப்படித்தான் தெரிகிறதாம்.

அம்மாவிடமிருந்து போன கிழமை கடிதம் வந்தது. யாரோ பிள்ளையைக் கொண்டு எழுதுவித்திருக்கிறா. சுகம், நெஞ்சு நோ கொஞ்சம், மண்ணெண்ணெய் கிடைக்கிறது, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. அண்ணையைப்பற்றி ஒரு சொல் இல்லை. அடியில், இப்போது நீ கடிதத்தில் டான்ஸ் கதை ஒன்றும் எழுதுவதில்லையே என்று கேட்டிருந்தது. அதை வாசித்துவிட்டு அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

அந்தக் கேள்வியை இவரிடம் காட்டினேன். சீசன் புத்தகம் தபாலில் வந்தபோது நான் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தேன். இவர் அதை எடுத்துத் துடைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு விடியவே வெளிக்கிட்டுப் போனார். ஓவர்டைமாக்கும் என்று நினைத்தேன். இவர் போய் நின்றது கொவன்ட் கார்டனில், டிக்கெட் கியூவில். மிஸ் பார்லோ கண்டு, நீ சந்திராவின் புருசன் அல்லவா, அவள் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாம் சொல்லியிருக்கிறார். கிழவி தன் மடக்குக் கதிரையை இவருக்குத் தந்துவிட்டுத் தான் நின்றாராம்.

எனக்கு டிக்கெட் எடுக்கவில்லை. ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடியாமல் நான் வரமாட்டேன் என்று இவருக்குத் தெரியும். தனக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். "அம்மாவுக்கு ஆராவது எழுத வேணுமே. நான் பாத்துச் சொல்லுறன், நீர் எழுதும்" என்றார்.

மலர், அந்தக் கதையை இவர் சொன்ன லட்சணத்தை நீ கேட்டிருக்க வேண்டும். ஒரு தையல்காரன், அவனுக்கு ஒரு மகள், அவளுக்கு ஒரு காதலன், அவனை அலுமாரிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். இது பகிடியான ஆட்டம், நான் முந்தியே பார்த்தது. இவர் காதலனைத் தையல்காரனின் மகன் என்று நினைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்திருக்கிறார். "தேப்பன் ஏன் சொந்தப் பெடியனை அடிக்கக் கலைக்கிறான் எண்டு கடைசி வரைக்கும் விளங்கேல்லை" என்றார். பிறகு எழும்பி, கால் சப்பாத்தோடு, குசினி நடுவில் அந்தப் பெண் சுழன்ற மாதிரி ஒரு முறை சுழன்று காட்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் சிரித்துவிட்டேன். கார்த்திகைக்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்த சிரிப்பு அப்படியே அழுகையாகப் போய்விட்டது.

அப்போதுதான் நான் இவ்வளவு நாளும் கேட்காததைக் கேட்டேன். அன்று மட்டும் ஏன் வந்தீர்கள்? சொல்லாமல் விட்டதுதான் விட்டீர்கள், என்னைத் தனியே போக விட்டிருக்கலாமே என்றேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு மேடையிலை என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. நான் உம்மட முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். விடிஞ்சால் நான்தான் அந்த முகத்தை இல்லாமல் செய்யப்போறன் எண்டு தெரியும். பிறகு ஒரு நாளும் அப்பிடிப் பாக்கக் கிடையாதெண்டுதான் வந்தனான்."

செய்தது பிழைதான். இன்றைக்கும் நான் அதைப் பிழை என்றுதான் சொல்வேன், அவரிடமும் சொன்னேன். ஆனால் அந்தச் செய்தியை ஒரு மனுசன் ஒரு பின்னேரம் முழுதும் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் பிடித்திருக்கிறதா என்று கேட்கும் பெண்சாதிக்கு ஓம் என்று தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கும் அண்ணை நண்பன்தானே. இந்த ஊரில் அவருக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்ததே அண்ணைதான். தன் அழுகையைக்கூட இருட்டுக் கிடைத்த நேரம் பார்த்துத்தான் அழுதிருக்கிறார். அதை நான் பாலேக்குக் கணக்கு வைத்தேன்.

அம்மாவுக்குத் தையல்காரன் கதையை எழுதி அனுப்பினேன். இவர் சொன்ன மாதிரியே, மகன் என்றே எழுதினேன். அம்மா சிரிக்கட்டும். எழுதி முடித்த பிறகு வழக்கம்போல் மேலே அன்புள்ள அண்ணைக்கு என்று இருப்பதைக் கண்டேன். அந்தத் தாளை விட்டு, வேறு தாளில் திரும்ப எழுதினேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அம்மாவின் நெஞ்சு நோ எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கும் பயமாகத்தான் இருக்கும். ஊரிலிருந்து செய்தி வந்தால் முதலில் உனக்குத்தான் வரும். அது எப்படிப்பட்ட செய்தி என்றாலும், நான் எங்கே இருந்தாலும், என்ன உடுத்திருந்தாலும், எனக்குச் சொல். அத்தானிடம் சொல்லி வைக்காதே. எனக்குத் தாங்காது என்று நினைக்காதே. தாங்காவிட்டால் நான் விழுகிறேன், அதற்கும் எனக்கு உரிமை இருக்கிறது.

உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன், மறைக்கவில்லை. அந்தக் கோபத்துக்குக் கீழே இருந்தது என்ன என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. அண்ணை செத்த செய்தியைக் கேட்டு நீ அத்தானோடு அழுதாய். நான் குசினிச் சுவரோடு அழுதேன். அண்ணைக்கு நாங்கள் இரண்டு பேர்தான் கூடப் பிறந்தவர்கள். ஊரில் என்றால் நீ வாசலில் வந்து இறங்கும்போதே நான் ஓடி வந்து உன் கழுத்தைக் கட்டியிருப்பேன், இரண்டு பேரையும் பிரித்து எடுக்க நாலு பேர் தேவைப்பட்டிருக்கும். இத்தனை மாதமாகியும் அண்ணைக்காக நீயும் நானும் இன்னும் ஒன்றாக அழவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் எடு. எனக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைக்காதே, மன்னிப்புக் கேட்காதே, நானும் ஒன்றும் கேட்கமாட்டேன். இவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு நான் போனுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். நீ அழத் தொடங்கு மலர், நான் உன்னோடு சேர்ந்துகொள்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா
சந்திரவதனா